தூரத்து ஆடு... பக்கத்துத் தக்காளி... எதில் புகை அதிகம்?

1882-ம் ஆண்டு, பிப்ரவரி 15. நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து ‘டுனெடின்’ என்ற பாய்மரக் கப்பல் லண்டனுக்குப் புறப்பட்டது. உள்ளே, உறைய வைக்கப்பட்ட சுமார் 5,000 ஆட்டு உடல்கள். கப்பலைத் தள்ளியது காற்று. இறைச்சியை உறைய வைத்த இயந்திரத்தை ஓட்டியது நிலக்கரி. 98 நாள்கள் கழித்து லண்டனில் இறக்கிப் பார்த்தபோது, ஒரே ஒரு ஆடுதான் கழிவாகத் தள்ளப்பட்டது.

அதுவரை நியூசிலாந்தில் ஆடு வளர்த்தவர்களுக்குக் கம்பளிதான் வருமானம். கறியை வாங்க அங்கே போதுமான ஆள் கிடையாது. கொழுப்பை உருக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீசியதும் உண்டு. அந்த ஒரு கப்பல் அவர்களுடைய பண்ணைப் பொருளாதாரத்தையே மாற்றியது. இன்றைக்கும் அந்த வியாபாரம் நடக்கிறது. பிரிட்டனின் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் வேல்ஸ் மலைச்சரிவில் வளர்ந்த ஆட்டுக்கறியும், சுமார் 18,000 கி.மீ கடந்து வந்த நியூசிலாந்துக் கறியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பூமி சூடாகிறதே என்று கவலைப்படும் ஒருவர் எதை எடுக்க வேண்டும்? ‘பக்கத்தில் விளைந்ததைத்தான், இதில் என்ன சந்தேகம்?’ என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால், கணக்கு போட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. அந்த விடை இப்போது வியாபாரச் சட்டங்களுக்குள்ளும் வரத் தொடங்கியிருப்பதால், சிறு விவசாயிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதியாகிவிட்டது.

‘உணவு மைல்’ பிறந்த கதை

1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ‘உணவு மைல்’ என்ற சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டிம் லாங். பின்னாளில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் உணவுக் கொள்கைப் பேராசிரியராக இருந்தவர். அதற்கெல்லாம் முன்பு, 1970-களில், லங்காஷயர் மலைப்பகுதியில் விவசாயம் செய்தவர். விளைந்த இடத்திலிருந்து தட்டுக்கு வரும்வரை ஓர் உணவு எத்தனை மைல் பயணம் செய்கிறது என்று மக்களைக் கேட்க வைத்தது அந்தச் சொல். எளிமையான கேள்வி என்பதால் வேகமாகப் பரவியது.

பரவியபோதே சுருங்கவும் செய்தது. உணவு எங்கே விளைந்தது, யார் விளைவித்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது, மண்ணுக்கு என்ன ஆனது என்ற கேள்விகளையெல்லாம் சேர்த்துத்தான் லாங் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கடைக்காரர்களும் பத்திரிகைகளும் எடுத்துக்கொண்டது மைலை மட்டும்தான். மைல் அதிகம் என்றால் தப்பு, குறைவு என்றால் நல்லது என்று ஆகிப்போனது.

கணக்கு போட்டபோது...

2005-ம் ஆண்டு பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல், உணவு, ஊரகத் துறை இதற்காக ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. தக்காளியை எடுத்துப் பார்த்தார்கள். குளிர்நாடான பிரிட்டனில் தக்காளி விளைய வேண்டுமென்றால் கண்ணாடிப் பசுமைக்குடிலை எரிவாயு கொண்டு சூடேற்ற வேண்டும். ஸ்பெயினில் வெயிலே போதும். ஒரு டன் தக்காளிக்கு பிரிட்டனில் வெளியான கரியமில வாயு 2,394 கிலோ. ஸ்பெயினில் விளைந்து லாரியில் வந்த தக்காளிக்கு 630 கிலோ! தூரத்தை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்று அந்த அறிக்கை முடித்தது.

அடுத்த ஆண்டு நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கரோலின் சாண்டர்ஸும் அவருடைய குழுவினரும் ஆட்டுக்கறியை எடுத்துக்கொண்டார்கள். உரம், டீசல், மின்சாரம், தீவனம் தொடங்கிக் கப்பல் பயணம் வரை அனைத்தையும் கூட்டினார்கள். பிரிட்டனில் ஒரு டன் ஆட்டுக்கறிக்குச் செலவாகும் எரிசக்தி, கப்பலில் வந்து சேரும் நியூசிலாந்துக் கறியைப்போல் 4 மடங்கு என்று தெரியவந்தது. பால் பொருள்களில் இது 2 மடங்கு.

காரணம் புரியாத மர்மம் எதுவும் இல்லை. நியூசிலாந்தில் ஆடுகள் ஆண்டு முழுக்க வெளியில் மேய்கின்றன. அடர் தீவனம் குறைவு, உரம் குறைவு. மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களிலிருந்தும் பூமிக்கடி வெப்பத்திலிருந்தும் வருகிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் கொட்டகையும் வாங்கிய தீவனமும் வேண்டும்.

இந்த ஆய்வையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. எரிசக்தியையும் அதனால் வரும் கரியமில வாயுவையும்தான் அது கணக்கிட்டது. ஆடு அசைபோடும்போது வெளியாகும் மீத்தேன் அந்தக் கூட்டலில் இல்லை. ஏற்றுமதி செய்யும் நாட்டில் நடந்த ஆய்வு என்பதையும் பலர் சுட்டிக்காட்டினார்கள். ஆனாலும் ஒன்று உறுதியானது. கப்பலில் எத்தனை கி.மீ வந்தது என்பதைவிட, பண்ணையில் என்ன நடந்தது என்பதுதான் பெரிய தொகை.

உலக அளவிலும் இதே கதைதான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜோசப் பூர், சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமெசெக் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உணவால் வெளியாகும் மொத்தப் புகையில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவிகிதம். 2022-ல் சிட்னி பல்கலைக்கழகக் குழு, பண்ணைக்கு வரும் உரம், இயந்திரம் போன்றவற்றின் பயணத்தையும் சேர்த்துக் கூட்டியபோது அது ஏறக்குறைய 19 சதவிகிதமாக உயர்ந்தது. எதையெல்லாம் சேர்த்துக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறுகிறது.

ஒரு ஸ்டிக்கரும் பீன்ஸ் விவசாயிகளும்

இது ஏதோ படித்தவர்களின் சண்டை என்று விட்டுவிட முடியாது. 2007-ல் பிரிட்டனின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளான டெஸ்கோவும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரும், விமானத்தில் வந்த காய்கறிப் பொட்டலங்கள்மீது சின்ன விமானப் படம் ஒட்டத் தொடங்கின. அதே ஆண்டு, அங்கே இயற்கை விவசாயச் சான்று வழங்கும் சாயில் அசோசியேஷன், விமானத்தில் வரும் விளைபொருளுக்குச் சான்று கொடுக்கலாமா, வேண்டாமா என்று கருத்துக் கேட்டது.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் கென்யாவின் பீன்ஸ் விவசாயிகள். சிறு நிலத்தில் பச்சை பீன்ஸ் போட்டு, பறித்த வேகத்தில் நைரோபி விமான நிலையத்துக்கு அனுப்பி வாழ்பவர்கள் அவர்களில் பலர். பிரிட்டனுக்குக் காய்கறி, பழம் அனுப்பும் வியாபாரத்தை நம்பி ஆப்பிரிக்க கிராமங்களில் 10 லட்சம் பேருக்கு மேல் வாழ்வதாக லண்டனில் உள்ள சர்வதேச சுற்றுச்சூழல் மற்றும் வளர்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. அந்தக் காய்கறி, பழங்களை விமானத்தில் கொண்டுவருவதால் வரும் புகையோ, பிரிட்டனின் மொத்தப் புகையில் 0.1 சதவிகிதத்துக்கும் கீழே. பெரும்பகுதி, எப்படியும் பறக்கப்போகும் பயணிகள் விமானத்தின் அடிப்பகுதியில் வருவது. சுற்றுலா போய்வரும் பயணிகளின் மேல் எந்த ஸ்டிக்கரும் ஒட்டப்படவில்லையே என்று கென்யாவின் தரப்பில் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது.

ரோஜாவிலும் இதே வழக்கு. கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 2007-ல் செய்த ஆய்வில், 12,000 ரோஜாக்களுக்கு கென்யாவிலிருந்து விமானத்தில் வந்தால் 6,000 கிலோ கரியமில வாயு. பக்கத்தில் உள்ள நெதர்லாந்தின் சூடேற்றிய பசுமைக்குடிலில் வளர்ந்தால் 35,000 கிலோ. இது பூ வியாபார நிறுவனம் ஒன்று கேட்டுச் செய்த ஆய்வு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதற்காக விமானம் நல்லது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிரிட்டன் அரசின் 2005 அறிக்கைப்படி, உணவுப் போக்குவரத்தில் விமானத்தின் பங்கு டன்-கி.மீ கணக்கில் வெறும் 1 சதவிகிதம். ஆனால், புகையில் 11 சதவிகிதம். சாயில் அசோசியேஷன் கடைசியில் முழுத் தடைக்குப் போகவில்லை. அதே நேரம் எல்லாப் பொருளுக்கும் கார்பன் அளவு அச்சிடுவதாக 2007-ல் அறிவித்த டெஸ்கோ, 70,000 பொருள்களில் சுமார் 500-ஐ மட்டும் முடித்துவிட்டு 2012-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஒரு பொருளை ஒழுங்காக அளந்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆனது.

மெக்கின்னன் கேட்கச் சொல்லும் ஐந்து கேள்விகள்

‘தூரம் போதாது என்றால் எதைத்தான் அளப்பது?’ இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்க விடை தேடியவர் ஆலன் மெக்கின்னன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் சரக்குப் போக்குவரத்து ஆய்வு மையத்தைத் தொடங்கியவர். 2012-லிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள க்யூனே லாஜிஸ்டிக்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். ஐ.நா-வின் பருவநிலை மாற்றக் குழு 2014-ல் வெளியிட்ட அறிக்கையின் போக்குவரத்து அத்தியாயத்தை எழுதியவர்களில் ஒருவர். சரக்குப் போக்குவரத்தின் புகையைக் குறைப்பது குறித்து 2018-ல் இவர் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் முக்கியமானது.

உலகில் மனிதரால் வெளியாகும் புகையில் சுமார் 8 சதவிகிதம் சரக்குப் போக்குவரத்தால் வருகிறது. இதைக் குறைக்க மெக்கின்னன் ஐந்து வழிகளை வரிசைப்படுத்துகிறார். விவசாயியின் மொழியில் சொன்னால் ஐந்து கேள்விகள்.

1. இவ்வளவையும் சுமக்க வேண்டுமா?
கழிவு இலை, மண், தண்ணீர், தேவையில்லாத அட்டை... எல்லாம் வாடகை கொடுத்துப் பயணம் செய்கின்றன. களத்திலேயே தரம் பிரித்தாலும், இடையில் ஏற்றி இறக்கும் கைகள் குறைந்தாலும் சுமை குறையும்.

2. எதில் அனுப்புவது?
ஒரு டன் சரக்கு ஒரு கி.மீ போக, தோராயமாகக் கப்பலுக்கு 10 கிராம், ரயிலுக்கு 50 கிராம், லாரிக்கு 200 கிராம், விமானத்துக்கு 1,100 கிராமுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. குளிரூட்டினால் கப்பல் கணக்கு இரு மடங்காகும். அப்படிப் பார்த்தாலும், குளிர்பதன கன்டெய்னரில் கப்பலேறி 18,000 கி.மீ போகும் சரக்கும், சாதாரண லாரியில் 1,800 கி.மீ போகும் சரக்கும், விமானத்தில் சுமார் 320 கி.மீ பறக்கும் சரக்கும் ஏறக்குறைய ஒரே அளவு புகையைத்தான் கக்குகின்றன.

3. வண்டி நிறைந்திருக்கிறதா?
பிரிட்டனில் சரக்கு லாரிகள் ஓடும் கி.மீ-யில் சுமார் 30 சதவிகிதம் காலியாகவே ஓடுகின்றன. ஐரோப்பிய யூனியனில் சுமார் 20 சதவிகிதம். கடைக்குச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி, வழியில் உள்ள உற்பத்தியாளரிடம் சரக்கு ஏற்றி வரும் வழக்கத்தை அங்குள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் கொண்டுவந்தன. நம் டிரைவர்கள் சொல்லும் ரிட்டர்ன் லோடுதான் இது. புகையும் மிச்சம், வாடகையும் மிச்சம்.

4. எரிபொருள் வீணாகிறதா?
டயரில் காற்று, இன்ஜின் பராமரிப்பு, ஓட்டும் விதம், வேகம்... எல்லாம் இதில் அடங்கும். கப்பலின் வேகத்தை 10 சதவிகிதம் குறைத்தால், அதே தூரத்துக்கான எரிபொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கப்பல் நிறுவனங்கள் செலவைக் குறைக்க இதைத்தான் செய்தன. எல்லாச் சரக்கும் அவசரமாகப் போக வேண்டியதில்லை என்பது மெக்கின்னன் திரும்பத் திரும்பப் பேசும் விஷயங்களில் ஒன்று.

5. எதை எரிக்கிறோம்?
டீசலுக்குப் பதில் மின்சாரம், உயிரி எரிவாயு, பசுமை எரிபொருள். ஊடகங்களில் அதிகம் பேசப்படுவது இதுதான். அதிக முதலீடு கேட்பதும் இதுதான்.

ஐந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வரிசையின் பயன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைந்தால்கூட, ஒன்றோடு ஒன்று பெருகிப் பெரிய குறைப்பாகிவிடும். முதல் நான்கில் பல வழிகள், செலவையும் சேர்த்தே குறைக்கின்றன.

எல்லையில் காத்திருக்கும் வரி

ஸ்டிக்கர் போய், இப்போது சட்டம் வருகிறது. ஐரோப்பிய யூனியன் ‘எல்லைக் கார்பன் வரி’ முறையை 2023 அக்டோபரில் சோதனையாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்துகிறது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவை பட்டியலில் உள்ளன. உணவுப் பொருள்கள் இல்லை. ஆனால், உரம் இருப்பதால் விலை ஏறும் என்று ஐரோப்பிய விவசாயிகளின் சங்கங்களே எதிர்ப்புக் காட்டின.

இந்தச் சட்டத்தில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய ஓர் அம்சம் உண்டு. பொருளை உற்பத்தி செய்தபோது எவ்வளவு புகை வந்தது என்று சொந்தக் கணக்கைக் காட்ட முடியாதவர்களுக்கு, அதிகாரிகள் வைத்திருக்கும் பொதுவான அளவு பொருத்தப்படும். அந்தப் பொதுக்கணக்கு, சிக்கனமாக உற்பத்தி செய்தவருக்குப் பாதகமாகவே இருக்கும். கென்யா பீன்ஸுக்கு ஒட்டிய ஸ்டிக்கரிலும் நடந்தது இதுதான். மழையிலும் வெயிலிலும் விளைந்தது என்ற உண்மைக்கு அந்தப் படத்தில் இடம் இல்லை.

கப்பலுக்கும் விலை வந்துவிட்டது. 2024 முதல் ஐரோப்பிய துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்கள் தங்கள் புகைக்குப் பணம் கட்டுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் பயணம் என்றால் அதில் பாதிக்கு. உலகம் முழுமைக்கும் ஒரே விதி கொண்டுவர சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அக்டோபரில் அதை இறுதியாக ஏற்க வேண்டிய கூட்டம், முடிவை ஓர் ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. உலக வணிகச் சரக்கில் எடையளவில் 80 சதவிகிதத்துக்கு மேல் கடல் வழியே போவதால், இது எல்லா நாட்டு விவசாயிக்கும் கப்பல் வாடகையாக வந்து சேரும்.

கார்பன் கணக்கில் வராதது

கணக்கு நியூசிலாந்துக்குச் சாதகமாக இருப்பதால் வேல்ஸ் மலையில் ஆடு வளர்ப்பவர் பட்டியைக் காலி செய்துவிட வேண்டுமா? 2023 மே 31-ல் பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. படிப்படியாக உயரும் ஒதுக்கீட்டுக்குப் பிறகு, 16-வது ஆண்டிலிருந்து நியூசிலாந்து ஆட்டுக்கறி வரியும் வரம்பும் இல்லாமல் வரலாம். பிரிட்டனின் ஆடு வளர்ப்போர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய மலைச்சரிவில் ஆட்டைத் தவிர வேறு வெள்ளாமை பெரிதாக எடுபடாது. அந்தக் குடும்பங்கள் போனால் ஊர், பள்ளி, மொழி எல்லாம் தேயும்.

ஒரு டன்னுக்கு எத்தனை கிலோ புகை என்ற எண்ணில் இதெல்லாம் வராது. மலையில் விவசாயம் பார்த்த டிம் லாங், உணவு மைல் என்று சொன்னபோது மனதில் வைத்திருந்ததில் இதுவும் உண்டு. கென்யாவின் பீன்ஸ் விவசாயி, வேல்ஸின் ஆடு வளர்ப்பவர் இருவரும் எதிரெதிர் பக்கத்தில் நிற்பதுபோலத் தெரிகிறார்கள். ஆனால், இருவரின் பிழைப்பையும் தீர்மானிக்கும் அளவுகோலைச் செய்தபோது இருவருமே அந்த அறையில் இல்லை.

புகையைக் குறைத்தே ஆக வேண்டும். மழை தப்புவதால் முதலில் அடிபடுவதும் விவசாயிதான். அதற்கான அளவுகோல், பண்ணையில் தொடங்கி தட்டு வரை எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அளக்கும் செலவைச் சிறு விவசாயியின் தலையில் கட்டக் கூடாது. தூரத்தை மட்டும் அளக்கும் கோல், சூடேற்றிய கண்ணாடி மாளிகைக்கு மாலை போட்டுவிட்டு, வெயிலில் விளைந்த காய்க்கு அபராதம் போடும்.

சந்தேகமும் விளக்கமும்

அப்படியானால், பக்கத்துச் சந்தையில் விற்பதால் சுற்றுச்சூழலுக்குப் பயன் இல்லையா?
நிச்சயம் உண்டு. பருவத்தில், திறந்த வெளியில் விளைந்ததை, நிறைந்த வண்டியில் அருகில் உள்ள சந்தைக்குக் கொண்டுபோவதற்கு இணையாக எதுவும் இல்லை. சிக்கல் வருவது இரண்டு இடத்தில். பருவம் தப்பி, சூடேற்றியோ நெடுநாள் குளிரூட்டியோ வைக்கும்போது ஒன்று. நாலு மூட்டைக்கு ஒரு வண்டி என்று ஆளுக்கொரு வண்டி பிடிக்கும்போது இன்னொன்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால், வாடகையும் புகையும் பங்கிடப்படும்.

சரக்கு அழுகுவதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் உண்டா?
நேரடியான சம்பந்தம் உண்டு. 100 கிலோவில் 20 கிலோ அழுகினால், உழவு, உரம், தண்ணீர், வாடகை அனைத்தின் புகையையும் மீதி 80 கிலோவே சுமக்கிறது. கிலோவுக்குக் கணக்கு பார்த்தால் 25 சதவிகிதம் கூடுதல். அதிகாலை அறுவடை, நிழலில் வைப்பது, கோணிக்குப் பதில் பிளாஸ்டிக் கிரேட் ஆகியவை பணத்தையும் காக்கும், புகையையும் குறைக்கும்.

ஏற்றுமதிக்கு விளைவிப்பவர்கள் இப்போதே என்ன செய்யலாம்?
ஓசூர் ரோஜா விமானத்தில்தான் வெளிநாடு போகிறது. திருச்சியிலிருந்து காய்கறிகள் சிங்கப்பூருக்குப் பறக்கின்றன. வாங்கும் நாடுகள் கார்பன் கணக்கு கேட்டால், கையில் ஏதாவது இருக்க வேண்டும். உரம் எத்தனை மூட்டை, டீசல் எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை மணி நேரம், மகசூல் எவ்வளவு, எந்த வண்டி, எத்தனை கி.மீ, திரும்பும்போது காலியா, லோடா... இவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாலே போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருப்பவர்கள் எல்லோருடைய கணக்கையும் ஒன்றாகத் தொகுத்து வைக்கலாம். நாளைக்கு எவரோ ஒருவர் பொதுக்கணக்கை எடுத்துவந்து நீட்டும்போது, பதிலுக்குக் காட்ட அந்த நோட்டு இருக்கும்.